கேட்டுட்டு கொஞ்ச நேரம் இருங்க

2009-ல நான் மதுரைல காலேஜ் கடைசி வருஷம். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணு வாங்கி லினக்ஸ் போட்டிருந்தேன், எல்லாம் ஓடுது, வைஃபை மட்டும் ஓடல. வீட்ல மோடம் ஹால்ல போன் ஸ்டாண்டுக்கு பக்கத்துல, அதனால நெட் வேணும்னா கேபிள் சொருகி அங்கயே தரைல உக்காரணும். அப்ப எங்க பிஎஸ்என்எல் பிளான்ல ராத்திரி 2 மணியிலேர்ந்து காலைல 8 மணி வரைக்கும் எவ்ளோ டவுன்லோட் பண்ணாலும் கணக்கு கிடையாது, அலாரம் வச்சு எந்திரிச்சு உக்காருவேன், அம்மா ரூம்லேர்ந்து "இன்னும் படுக்கலயாடா"ன்னு குரல் குடுப்பாங்க.

சீனியர் அண்ணன் ஒருத்தர் சொன்னார், ஐஆர்சில போய் கேளு, நீ போட்டிருக்கற லினக்ஸ் வகையை, அதான் அந்த டிஸ்ட்ரோவை, பண்றவங்களே அங்கதான் இருக்காங்கன்னு. ஐஆர்சின்னா இன்டர்நெட் ரிலே சாட், நெட்ல எழுத்துலயே பேசிக்கற இடம். எக்ஸ்சாட்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு உள்ள போனேன். ஒரு ஹெல்ப் சேனல், அதாவது உதவி கேக்கறதுக்குன்னே இருக்கற அரட்டை ரூம், வலது பக்கம் ஆயிரத்துக்கு மேல பேரு வரிசையா நிக்குது. நடுவுல எழுத்து ஓடிட்டே இருக்கு. என் கேள்வியை டைப் பண்ணி எண்டர் தட்டினேன். நாலு நிமிஷம் பாத்தேன். யாரும் கண்டுக்கல, வேற யார் யாரோ வேற எதையோ பேசிட்டிருந்தாங்க. நம்மள மாதிரி ஆளுக்கெல்லாம் இங்க யார் பதில் சொல்லப் போறாங்கன்னு மூடிட்டு படுத்துட்டேன். மனசுக்கு ரொம்ப கஷ்டமாத்தான் இருந்துச்சு.

ஏழெட்டு மாசம் கழிச்சு, அதே எர்ரர் வரியை கூகிள்ல போட்டு தேடிட்டிருந்தப்ப, அந்த சேனலோட பழைய லாக், அதாவது அங்க பேசினதோட பதிவு, ஒண்ணு வந்துச்சு. திறந்தா என் நிக், அதாவது அங்க நான் வச்சிருந்த பேரு. என் கேள்வி. அதுக்கு கீழ நான் வெளிய போன வரி. அதுக்கும் கீழ, நான் கேட்டு பதினோரு நிமிஷம் கழிச்சு, ஒருத்தர் என் பேரைப் போட்டு எந்த ஃபர்ம்வேர் பேக்கேஜ் போடணும், எந்த மாட்யூலை ஏத்தணும்னு மூணு வரி எழுதிருக்கார். இன்னும் கொஞ்சம் தள்ளி, "இருக்கியா? ஆச்சா?"ன்னு திரும்ப கேட்டிருக்கார். ரெண்டே கமாண்ட். போட்டேன், வைஃபை வந்துருச்சு. எனக்கு அந்த சந்தோஷத்தை விட அந்த "இருக்கியா?"தான் நெஞ்சுல நின்னுச்சு. யாருன்னே தெரியாத ஒரு ஆளு, உலகத்துல எங்கயோ உக்காந்து, எனக்காக பதில் எழுதிட்டு எட்டிப் பாத்திருக்கார், நான் அங்க இல்ல.

ஐஆர்சில புதுசா வர்றவங்களுக்கு எதையாவது சொல்லிக்குடுன்னு யாராவது கேட்டா, நான் மொதல்ல சொல்றது அதனாலதான் இது: கேட்டுட்டு கொஞ்ச நேரம் இருங்க. அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு நாள் முழுக்க. அந்த விண்டோவை திறந்து வச்சுட்டு உங்க வேலையைப் பாருங்க. அங்க இருக்கற ஆயிரம் பேர்ல முக்கால்வாசி பேர் கம்ப்யூட்டரை ஓடவிட்டுட்டு தூங்கிட்டோ ஆபீஸ்ல வேலை பாத்துட்டோ இருப்பாங்க. விஷயம் தெரிஞ்ச அந்த ஒரு ஆளு டீ குடிச்சுட்டு வந்து மேல ஸ்க்ரோல் பண்ணிப் பாக்கறப்ப நீங்க அங்க இருக்கணும், அவ்ளோதான் கணக்கு.

இது ஏன் இப்படின்னு புரியணும்னா ஐஆர்சி எப்படி கட்டியிருக்குன்னு பாக்கணும். 1988 ஆகஸ்ட்ல ஃபின்லாந்துல ஊலு யூனிவர்சிட்டில யார்க்கோ ஒய்கரினன்னு ஒருத்தர் எழுதினது. அங்க சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியோட ஒரு சர்வரைப் பாத்துக்கற வேலை அவருக்கு, அந்த வேலை முழு நேரத்தையும் எடுத்துக்கல, அதனால ஊலுபாக்ஸ்னு அங்க இருந்த ஒரு புல்லட்டின் போர்டுல, அதாவது கம்ப்யூட்டர் வழியா சேதி எழுதிப் போடற பலகைல, நேரடியா பேசிக்கறதுக்கு ஒண்ணு எழுதலாம்னு ஆரம்பிச்சார். மொதல்ல ஒரே ஒரு சர்வர். அப்புறம் ஃபின்லாந்துல மத்த யூனிவர்சிட்டிகள், அப்புறம் அமெரிக்கா. 1991-ல வளைகுடா யுத்தம் நடந்தப்பவும், அதே வருஷம் ஆகஸ்ட்ல மாஸ்கோல ஆட்சியைக் கவுக்கப் பாத்தப்பவும், ஜனங்க ஐஆர்சில உக்காந்து வரிவரியா செய்தி சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அந்த லாக் எல்லாம் இன்னைக்கும் படிக்கக் கிடைக்குது. 1993 மே மாசம் ஒய்கரினனும் டேரன் ரீடும் சேர்ந்து ஆர்எஃப்சி 1459-னு அதோட விதிமுறையை எழுதி வச்சாங்க, இன்னைக்கு வர்ற கிளையண்டும், அதாவது ஐஆர்சிக்குள்ள போக நாம போடற சாஃப்ட்வேரும், அடிப்படைல அதைத்தான் பேசுது. முப்பது வருஷத்துக்கு மேல ஆன ஒரு சாஃப்ட்வேரை எடுத்து இப்ப இருக்கற சர்வர்ல கனெக்ட் பண்ணா பேச முடியும்ங்கறது எனக்கு இன்னைக்கும் பெரிய ஆச்சரியம்தான்.

ஒரு நெட்வொர்க்னா நிறைய சர்வர், ஒண்ணோட ஒண்ணு கிளை மாதிரி சேர்ந்திருக்கும், எந்த ரெண்டு சர்வருக்கும் நடுவுல ஒரே ஒரு வழிதான். நீங்க ஏதாவது ஒரு சர்வர்ல இருப்பீங்க, நீங்க எழுதற வரி பக்கத்து சர்வருக்குப் போய், அங்கேர்ந்து அடுத்ததுக்குப் போய், அந்த சேனல்ல இருக்கற எல்லாருக்கும் சேரும். ரிலேன்னு பேர்லயே இருக்கே, அதான். நடுவுல ஒரு இணைப்பு அறுந்தா அந்தப் பக்கம் இருக்கறவங்க மொத்தமா காணாம போயிடுவாங்க, நூறு பேர் ஒரே செகண்ட்ல வெளிய போன மாதிரி ஸ்க்ரீன் நிறைஞ்சிடும். இதுக்கு நெட்ஸ்ப்ளிட்னு பேரு. மொத தடவை பாக்கறப்ப நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு பதறிட்டேன், ரெண்டு நிமிஷத்துல அத்தனை பேரும் திரும்ப வந்தாங்க.

முக்கியமான விஷயம், வழக்கமான ஐஆர்சி சர்வர் எதையும் சேத்து வைக்காது. வரி வந்துச்சா, அனுப்பினமா, மறந்தமா. வாட்ஸப்ல போனை அணைச்சு வச்சுட்டு காலைல ஆன் பண்ணா ராத்திரி வந்ததெல்லாம் கொட்டும்ல, அது இங்க கிடையாது. நீங்க இல்லாதப்ப சொன்னது உங்களுக்கு சொல்லப்படவே இல்ல. சில சேனலுக்கு யாராவது ஒரு பாட், அதாவது தானா ஓடற ஒரு ப்ரோக்ராம், வச்சு லாக் எடுத்து வெளிய போடுவாங்க, உபுண்டுங்கற லினக்ஸ் டிஸ்ட்ரோக்காரங்க அவங்க சேனல் லாகை வருஷக்கணக்கா பொதுவுல வச்சிருக்காங்க. என் பதில் எனக்குக் கிடைச்சது அந்த மாதிரி ஒரு லாக் இருந்ததாலதான், இல்லன்னா அந்த ஆளு எழுதினதை நான் சாகற வரைக்கும் பாத்திருக்கவே மாட்டேன்.

சரி, இன்னைக்கு எப்படி ஆரம்பிக்கறது. எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம், பிரவுசர்லயே வெப் டாட் லிபெரா டாட் சாட் போங்க, லிபெரா சாட்ங்கறது ஒரு ஐஆர்சி நெட்வொர்க். ஒரு நிக் குடுங்க, சேனல் பேரு கேக்கும், அங்க #லிபெரான்னு அவங்களோட ஹெல்ப் சேனலையே குடுங்க. நான் இங்க கமாண்டெல்லாம் தமிழ் எழுத்துல எழுதறேன், நீங்க டைப் பண்றப்ப ஆங்கிலத்துல பண்ணுங்க. சாய்கோடு போட்டு ஆரம்பிக்கறது எல்லாம் கமாண்ட், மத்தது எல்லாம் பேச்சு. /ஜாயின்னு சேனல் பேரோட போட்டா உள்ள போவீங்க, /பார்ட் போட்டா அந்த சேனலை விட்டு வருவீங்க, /க்விட் போட்டா மொத்தமா கிளம்பிடுவீங்க. /நிக் போட்டு பேரை மாத்திக்கலாம். /மீ போட்டு எழுதினா உங்க பேரோட சேர்ந்து நீங்க செய்யற காரியம் மாதிரி வரும். எந்த சேனல் போறதுன்னு தெரியலன்னா ஆலிஸ்னு ஒரு பாட் இருக்கு, அதுக்கு மெசேஜ் அனுப்பி, உதாரணத்துக்கு பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழியைத் தேடினா பைத்தான் சம்பந்தப்பட்ட சேனல் எல்லாம் வரும். லிபெரால சேனல் பேருக்கு முன்னாடி ஒரு ஹாஷ் (#) இருந்தா ஏதாவது ப்ராஜெக்டோட அதிகாரபூர்வமான சேனல், ரெண்டு ஹாஷ் இருந்தா சும்மா அந்த விஷயம் பிடிச்சவங்க கூடற இடம். 2007-ல கிறிஸ் மெஸினான்னு ஒருத்தர் ட்விட்டர்ல ஹாஷ் போட்டு தலைப்பு வைக்கலாமேன்னு சொன்னது இந்த சேனல் பேரைப் பாத்துத்தான், நாம இன்னைக்கு ஹாஷ்டேக்னு சொல்றதுக்கு ஊரு இதான்.

கூட்டத்துல ஒருத்தரைக் கூப்பிடணும்னா அவர் நிக்கோட மொத ரெண்டு மூணு எழுத்தை டைப் பண்ணி டேப் கீயை அழுத்துங்க, மீதி தானா வந்து முடிவுல ஒரு கோலனும் விழும். பேர் வந்தா அவர் ஸ்க்ரீன்ல அந்த வரி கலர் மாறித் தெரியும், டீ குடிக்கப் போனவரும் வந்து பாப்பார். இதைத் தெரிஞ்சுக்காம நான் ஒரு வருஷம் எல்லார் பேரையும் முழுசா டைப் பண்ணிட்டிருந்தேன்.

அடுத்து நிக்கை பதிவு பண்றது. நிக்சர்வ்னு ஒரு சர்வீஸ், அதுக்கு மெசேஜா ரெஜிஸ்டர்னு போட்டு பாஸ்வேர்டும் மெயிலும் குடுத்தா மெயிலுக்கு ஒரு கோட் வரும், அதைத் திருப்பிப் போட்டா பேர் உங்களுது. இங்க ஒரு ஆபத்து இருக்கு, தயவுசெஞ்சு கவனமா இருங்க. சாய்கோடுக்கு முன்னாடி தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்துச்சுன்னா, நிறைய கிளையண்ட்ல அது கமாண்ட் இல்ல, பேச்சு. பாஸ்வேர்டோட சேர்த்து மொத்த வரியும் ஆயிரம் பேர் முன்னாடி போய் விழும். அழிக்கற வசதி கிடையாது. அதனால பாஸ்வேர்ட் சம்பந்தப்பட்டதை எப்பவும் சேனல் விண்டோல அடிக்காதீங்க, சர்வர் விண்டோன்னு தனியா இருக்கும், அங்க போய் அடிங்க. கிளையண்ட்ல சாஸல்னு ஒரு செட்டிங் இருக்கும், அதுல ஒரு தடவை பாஸ்வேர்டை போட்டு வச்சுட்டா கனெக்ட் ஆகறப்பவே லாகின் ஆயிடும், கையால அடிக்கற வேலையே இல்ல. போர்ட் 6697 வைங்க, அது என்க்ரிப்ட் ஆனது. பழைய கட்டுரைகள்ல 6667-னு இருக்கும், அதுல போறது வழில யார் வேணாலும் படிக்கற மாதிரி போகும்.

இன்னொண்ணு, ஐபி. சாதாரணமா உள்ள வந்தா உங்க பேருக்குப் பக்கத்துல உங்க கனெக்‌ஷனோட அட்ரஸும் எல்லாருக்கும் தெரியும் நிறைய நெட்வொர்க்ல. லிபெரால ரெஜிஸ்டர் பண்ணவங்களுக்கு குளோக்னு ஒண்ணு தர்றாங்க, அட்ரஸுக்கு மேல போத்திக்கற போர்வை மாதிரி. பொண்ணுங்க நிறைய பேர் இதைக் கேட்டிருக்காங்க என்கிட்ட, கண்டிப்பா வாங்கிக்குங்க, சாஸலும் சேர்த்து வச்சீங்கன்னா சேனலுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே போர்வை ஏறிடும்.

கேள்வி கேக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. "ஒரு டவுட் கேக்கலாமா"ன்னு கேட்டு நிக்காதீங்க, நேரா டவுட்டையே கேளுங்க. நம்ம ஊர்ல அது மரியாதை, எனக்கும் புரியுது, எடுத்தவுடனே கேக்க கூச்சமாத்தான் இருக்கும், ஆனா அங்க "கேளு"ன்னு சொல்றவங்க உங்க கேள்வி என்னன்னே தெரியாம பொறுப்பேத்துக்கற மாதிரி ஆயிடுது, அதான் யாரும் வாய் திறக்க மாட்டாங்க. என்ன பண்ண நினைக்கறீங்க, என்ன பண்ணீங்க, என்ன எர்ரர் வந்துச்சு, ஒரே வரில. எர்ரர் மெசேஜ் இருபது வரி இருந்தா அதை சேனல்ல கொட்டாதீங்க, படபடன்னு வரி விழுந்தா சர்வரே உங்களை வெளிய தள்ளிடும். பேஸ்ட்பின் மாதிரி ஒரு சைட்ல போட்டு லிங்க் குடுங்க.

நான் கேள்வி கேக்கற பழக்கத்தை ஒழுங்கா கத்துக்கிட்டது மேற்கு வங்கத்துல இருக்கற துர்காபூர் லினக்ஸ் யூசர்ஸ் குரூப்போட சம்மர் ட்ரெய்னிங்ல. 2008-லேர்ந்து ஐஆர்சிலயே வகுப்பு நடத்தினவங்க அவங்க. சொல்லிக்குடுக்கறவர் வரிவரியா எழுதிட்டுப் போவார், நடுவுல யாரும் பேசக் கூடாது, கேள்வி இருந்தா ஒரு ஆச்சரியக்குறி மட்டும் போட்டுட்டு காத்திருக்கணும், வரிசைப்படி கூப்பிடறப்ப கேக்கணும். கிளாஸ்ல கை தூக்கற மாதிரிதான். அவங்க வகுப்பு லாகையும் சேத்து வைப்பாங்க. ஹாஸ்டல் நெட்ல வீடியோ ஓடாது, எழுத்து ஓடும், அந்த எழுத்துல பாடம் நடத்தினாங்க. கல்கத்தா பக்கம் இருக்கறவங்களும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு அந்த சாயந்தரங்கள்.

தமிழ்ல பேசலாமான்னு கேப்பீங்க. பேசலாம், ஆனா ஒரு சிக்கல் இருக்கு, இதை நான் யாரும் எழுதிப் பாத்ததில்ல அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். ஐஆர்சில ஒரு மெசேஜ் மொத்தமே 512 பைட்தான், வரி முடிவையும் சேர்த்து. அதுலயே அனுப்பறவர் பேரு, அட்ரஸ், சேனல் பேரு எல்லாம் அடங்கணும், அது போக மிச்சம் சுமாரா நானூறு சொச்சம். ஆங்கிலத்துல ஒரு எழுத்து ஒரு பைட். தமிழ்ல யூனிகோட் குறி ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், அதுவும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் குறியா எண்ணப்படும். "வணக்கம்" நமக்கு அஞ்சு எழுத்து, உள்ள ஏழு குறி, 21 பைட். ஹலோன்னு ஆங்கிலத்துல அடிச்சா அஞ்சே பைட். அதனால நாம நல்லா ரெண்டு வாக்கியம் எழுதறதுக்குள்ள வரி நிறைஞ்சு, வாலு அறுந்து போய் கடைசில ஒரு கேள்விக்குறிப் பெட்டி வரும். இப்ப நிறைய கிளையண்ட் தானாவே பிரிச்சு அனுப்பிடுது, இருந்தாலும் சின்னச் சின்ன வரியா எழுதிப் பழகறது நல்லது. கருப்பு டெர்மினல்ல ஓடற இர்சி, வீசாட் மாதிரி கிளையண்ட்ல தமிழ் எழுத்து பல நேரம் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு சிதறும். அதனாலதான் நம்ம ஆளுங்க அங்க தமிழை ஆங்கில எழுத்துலயே தட்டிட்டு இருந்தாங்க, மொழி மேல பாசம் இல்லாம இல்ல.

இதுல எனக்கு ரொம்ப வருத்தமான, ஆனா அழகான ஒரு விஷயம். அந்த ஆர்எஃப்சி 1459-லயே ஒரு விதி இருக்கு: சதுர அடைப்புக்குறியும் நெளி அடைப்புக்குறியும் ஒரே எழுத்தோட பெரிசு சின்னது மாதிரி எடுத்துக்கணும்னு. ஏன்னா அந்தக் காலத்து ஃபின்லாந்து கம்ப்யூட்டர் எழுத்துக் குறியீட்டுல அந்தக் குறிகளோட இடத்துல அவங்களோட மேல புள்ளியும் வட்டமும் வச்ச எழுத்தெல்லாம் உக்காந்திருந்துச்சு. ஒய்கரினனோட தாய்மொழி அந்த விதிக்குள்ள இன்னும் உயிரோட இருக்கு, உலகத்துல எத்தனையோ சர்வர் இன்னைக்கும் அதை மதிச்சு நடக்குது. அந்த மாதிரி ஒரு வரி நம்ம எழுத்துக்கும் எங்கயாவது ஆதிலயே எழுதியிருக்கக் கூடாதான்னு தோணும்.

நான் பழகினது ஃப்ரீநோட் நெட்வொர்க்ல. 2021 மே மாசம் அங்க நிர்வாகம் யார் கைலங்கற சண்டைல, சம்பளம் இல்லாம பாத்துக்கிட்டிருந்த வாலண்டியர்கள் மொத்தமா விலகி லிபெரா சாட்னு புதுசா ஆரம்பிச்சாங்க. சில வாரத்துல பெரிய பெரிய ப்ராஜெக்டுகள் எல்லாம் அங்க குடி போச்சு. நான் பன்னெண்டு வருஷம் இருந்த சேனல்ல கடைசியா பத்து பதினஞ்சு பேரு மட்டும் நின்னப்ப /பார்ட் அடிக்க கை வரல. ஆனா புது இடத்துக்குப் போய் அதே பேர்ல சேனலைத் திறந்தா அதே நிக்குங்க, அதே ஆளுங்க, அதே விவாதம் விட்ட இடத்துலேர்ந்து. சர்வர் பேரை மட்டும் மாத்தி எழுதினோம், அவ்ளோதான். ஒரு கம்பெனியோட ஆப்பா இருந்திருந்தா இப்படி மூட்டை கட்டிட்டு கிளம்பியிருக்க முடியாது.

கொஞ்ச நாள் பழகினப்புறம் பவுன்சர் வச்சுக்கலாம், இசட்என்சின்னு ஒண்ணு இருக்கு. எப்பவும் ஓடற ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல அதைப் போட்டா உங்க பேர்ல அது உக்காந்து, நீங்க இல்லாதப்ப வந்ததை எடுத்து வச்சு, வந்தவுடனே குடுக்கும். ராஸ்பெரி பைன்னு வர்ற கையடக்கக் கம்ப்யூட்டரே போதும். என்னோடது அதே ஹால்ல, அதே போன் ஸ்டாண்ட் இருந்த இடத்துல, இப்ப இருக்கற ஃபைபர் மோடத்துக்குப் பக்கத்துல இருக்கு.

போன மாசம் ஒரு ராத்திரி, ஒரு புது ஆளு சேனலுக்கு வந்தாங்க. லினக்ஸ்ல மத்த மொழில டைப் பண்ண உதவற ஐபஸ்ல தமிழ் கீபோர்ட் சேத்திருக்காங்க, ஒரு சாஃப்ட்வேர்ல மட்டும் தமிழ் விழல, என்ன பண்றதுன்னு ஒரே வரில நல்லாக் கேட்டிருந்தாங்க. நான் சாப்பிட்டுட்டு வந்து பாக்கறப்ப மணி பத்தே முக்கால், அவங்க கேட்டு ஆறு நிமிஷத்துல கிளம்பிட்டிருந்தாங்க. பதிவு பண்ணாத நிக், அதனால மெமோ, அதாவது அப்புறம் வந்து படிச்சுக்கற சேதி, அனுப்பவும் வழியில்ல. மொத மூணு எழுத்தை அடிச்சு டேப் அழுத்தினேன், பேர் வரல, ஆள் உள்ள இல்லன்னா அது வராது. மேல பாத்துப் பாத்து அந்த நிக்கை ஒவ்வொரு எழுத்தா அடிச்சு, கோலன் போட்டு, எந்த என்விரான்மென்ட் வேரியபிளை எந்த ஃபைல்ல வைக்கணும்னு மூணு வரி எழுதினேன். கொஞ்ச நேரம் கழிச்சு "இருக்கீங்களா?"ன்னும் கேட்டு வச்சேன். அந்த சேனலுக்கு லாக் எடுக்கற பாட் ஓடிட்டுதான் இருக்கு.